வாசகர் கேள்வி – பதில்: கெமர் நாட்டுக் கோயில்களும் ஏரியும் ஊர்களும்

கெமர் மக்களின் நாடாகிய கம்போடியாவுக்குச் செல்லும் பயணம் குறித்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கட்டணங்கள் அனைத்தும் அமெரிக்க டாலரில் தரப்பட்டுள்ளன. அந்நாட்டில் ரியெலுடன் டாலரும் எல்லா இடங்களிலும் புழங்குகிறது. கிழிந்த அல்லது கறைபட்ட டாலர் தாளைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்பதால், புதிய தாள்களாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

தாய்லாந்துச் சுற்றுலாவோடு சேர்த்து இரண்டே நாளில் அங்கோர் வாட்டையும் காட்டிவிடுவதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். இரண்டு நாள் போதுமா?
— வாசகர், ஈரோடு

போதாது. அங்கோர் என்பது ஒரு கோயிலின் பெயர் அன்று. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே, ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கட்டிச் சென்ற கோயில்கள், ஏரிகள், மதில் சூழ்ந்த நகரங்கள் ஆகியவற்றின் தொகுதி அது. அங்கோர் வாட் அவற்றுள் ஒன்று, மிகப் பெரியது. இரண்டு நாள் திட்டத்தில் செல்பவர்கள் விடியற்காலையில் குளக்கரையில் கூட்டத்தோடு நின்று சூரிய உதயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மரவேர்கள் கவிந்த தா ப்ரோமில் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தொலைவு சென்று இவ்வளவு குறைவாகப் பார்த்துத் திரும்புவது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால் இடையில் ஓய்வெடுத்துக்கொள்ள வழி உண்டு. சீட்டில் உங்கள் படம் அச்சாகியிருக்கும். பிறருக்குக் கைமாற்ற இயலாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர், குழந்தைகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் காந்தா போபா மருத்துவமனைகளுக்குச் செல்கிறது.

மூன்று நாள் சீட்டு வாங்குவோருக்கு நான் சொல்லும் வரிசை, வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் வரிசைக்கு நேர்மாறானது. முதலில், அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகருக்குக் கிழக்கே உள்ள ரோலுவோஸ் பகுதிக்குச் சென்று, 881இல் முதலாம் இந்திரவர்மன் எடுப்பித்த பாகோங் கோயிலைப் பாருங்கள். கோயிலை மலையின் வடிவில் அடுக்கடுக்காக எழுப்பும் முறை அங்கே எளிய உருவில் தெரியும். அடுத்துப் பத்தாம் நூற்றாண்டின் ப்ரே ரூப், பந்தே ஸ்ரேய். அதன் பின்னரே பன்னிரண்டாம் நூற்றாண்டின் அங்கோர் வாட். இறுதியில் ஏழாம் ஜெயவர்மனின் பயோன், ப்ரேயா கான், தா ப்ரோம். இந்த வரிசையில் பார்த்தவருக்கு, அங்கோர் வாட்டின் முன் நிற்கும்போது அது எத்தனை தலைமுறைச் சிற்பிகளின் கைப்பழக்கம் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

உங்கள் முகவரிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டியது ஒன்று உண்டு. 2025 ஜூன் முதல் தாய்லாந்து–கம்போடியா தரைவழி எல்லை பயணிகளுக்கு மூடப்பட்டது. பாங்காக்கிலிருந்து பேருந்தில் அழைத்துச் செல்வதாக அவர் சொன்னால், எல்லை திறந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். விமானத்தில் செல்வதே நல்லது. 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் சியெம் ரீப் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், வண்டியை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விசா எப்படிப் பெறுவது? எந்த மாதம் செல்லலாம்?
— வாசகி, கோயம்புத்தூர்

இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு விசா தேவை. இணையவழியாகவோ விமான நிலையத்தில் இறங்கிய பிறகோ முப்பது நாள் சுற்றுலா விசா பெறலாம். அதனுடன் வருகைப் பதிவுப் படிவத்தையும், சென்று இறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் மழையும் குறைவு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கற்கோயில்களில் நடப்பது கடினம். மழைக்காலத்தில் பிற்பகல் மழையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு, அகழிகள் நிரம்பி, பாசி பச்சை பிடித்த கோயில்கள் கூட்டம் இல்லாமல் கிடைக்கும்.

அங்கோர் வாட்டைக் கட்டியது சோழ மன்னர்தான் என்று கைபேசியில் அடிக்கடி செய்தி வருகிறது. என் பேரனுக்கு நான் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கட்டியவர் இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னர் என்று சொல்லுங்கள். குலேன் மலைச் சரிவில் வெட்டிய மணற்கல்லை நீர்வழியாகக் கொண்டுவந்து எழுப்பியவர்கள் கெமர் உழைப்பாளிகள். பெயர் ‘வர்மன்’ என்று முடிவதனால் அவர் பல்லவரோ சோழரோ ஆகிவிட மாட்டார். வடமொழி அரசப் பட்டமாகிய அதைத் தென்கிழக்கு ஆசிய மன்னர் பலரும் சூடிக்கொண்டனர். ஆயிரக்கணக்கானோர் பல பத்தாண்டுகள் உழைத்த உழைப்பை அந்த மக்களிடமிருந்து பறித்து நம் பெயரில் எழுதிக்கொள்வது, அவர்களுக்குச் செய்யும் அநீதி.

உண்மையான தொடர்பு உண்டு. அது இந்தக் கட்டுக்கதையைவிடச் சுவையானது. கெமர் எழுத்து, பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. அங்கோர் போரேயில் கிடைத்த, 611ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டே காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு. காம்போஜ (கம்போடிய) மன்னர் நட்பை நாடி இராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. காம்போஜ அரசன் காட்சிப்பொருளாகக் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை, முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று அறிந்து மதித்திருந்தன என்பதையே இவை காட்டுகின்றன. உங்கள் பேரனை அடுத்த முறை சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்லும்போது இதைச் சொல்லலாம்.

அங்கோர் வாட்டில் கூட்டத்தில் சிக்காமல் சிற்பங்களைப் பார்ப்பது எப்படி? எதைத் தவறவிடக் கூடாது?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். காலையில் உதயம் பார்க்க வருபவர்கள் அது முடிந்ததும் காலை உணவுக்குக் கலைந்துவிடுவார்கள். நீங்கள் அந்த நேரத்தில் உள்ளே செல்லுங்கள். மேற்கு வாயிலிலேயே, எட்டுக் கைகளுடன் நிற்கும் பெரிய திருமால் சிலை ஒன்று உண்டு. அதற்குப் பௌத்தர்கள் மஞ்சள் ஆடை போர்த்தி, ஊதுவத்தி ஏற்றி, தங்கள் குலத்தைக் காக்கும் தெய்வமாக வணங்குகிறார்கள். திருமாலுக்கென எழுந்து பின்னர் பௌத்தத் தலமாகிய இக்கோயிலில் வழிபாடு இன்றும் நடக்கிறது என்பதை அந்த வாயிலிலேயே உணரலாம். அதற்கேற்ற அமைதியோடு உள்ளே செல்வது நம் கடமை.

முதல் சுற்றின் புடைப்புச் சிற்பங்கள்தாம் இக்கோயிலின் செல்வம். கோயிலை இடப்பக்கமாக, அதாவது நாம் வலம்வரும் முறைக்கு எதிராகச் சுற்றினால் கதைகள் வரிசையாக வரும். மேற்குச் சுற்றின் வடபகுதியில் இலங்கைப் போர்; அனுமன் தோளில் நின்று இராமன் அம்பு தொடுக்கிறான். தென்பகுதியில் குருட்சேத்திரம், அங்கே அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைத் தேடிப் பாருங்கள். தெற்குச் சுற்றில் சூரியவர்மன் குடைகளின் கீழ் அமர்ந்து படை அணிவகுப்பைப் பார்வையிடுகிறான்; அதை அடுத்து, எருமை மீதமர்ந்த எமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்ல, மேலே சொர்க்கமும் கீழே நரகமும் நீள்கின்றன.

கிழக்குச் சுற்றின் தென்பகுதிக்கு மட்டும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது. இடப்புறம் உருண்ட கண்களுடன் அசுரர்கள் வாசுகியின் தலைப்பக்கத்தைப் பிடித்திருக்க, வலப்புறம் கூம்பு முடியணிந்த தேவர்கள் வாலைப் பிடித்திருக்கிறார்கள். வால் நுனியில் ஒரு வானரம். நடுவில் திருமால், அவர் காலடியில் மத்தைத் தாங்கும் ஆமை. பார்வையாளர்கள் பலரும் இந்த அளவில் நிறுத்திவிடுவார்கள். சற்றுக் குனிந்து கீழ்ப்பட்டையைப் பாருங்கள். ஓரங்களில் மீன்களும் முதலைகளும் முழு உடலோடு நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை நீர்ச்சுழலில் சிக்கித் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. கடைதலின் வேகத்தைக் கல்லில் காட்ட அந்தச் சிற்பி கண்ட வழி அது. கல்லைத் தொடாதீர்கள். பல தலைமுறைக் கைகள் பட்டுச் சில உருவங்கள் வழுவழுப்பாகிவிட்டன.

எனக்கு முழங்கால் வலி உண்டு. படி ஏறாமல் பார்க்க முடியுமா?
— வாசகி, நாகர்கோவில்

முடியும். மேலே சொன்ன சிற்பச் சுற்றுக்குச் சில படிகளே உள்ளன. உச்சித் தளத்துக்குச் செல்லும் மரப்படிகள் மிகச் செங்குத்தானவை. அதை விட்டுவிடுங்கள், இழப்பு பெரிதில்லை. அங்கே ஏறுபவர்கள் தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்திருக்க வேண்டும். பௌத்தப் புனித நாட்களில் அத்தளம் மூடியிருக்கும். பந்தே ஸ்ரேய் சமதரையில் உள்ளது. தா ப்ரோமில் நம் இந்தியத் தொல்லியல் துறை கம்போடிய அதிகாரிகளோடு சேர்ந்து சீரமைப்புப் பணி செய்துள்ளது. அங்கே மரப்பலகை நடைபாதை இருப்பதால் நடக்க எளிது.

காரைக்கால் அம்மையார் சிற்பம் கம்போடியாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கே பார்க்கலாம்?
— வாசகி, காரைக்கால்

பந்தே ஸ்ரேய் கோயிலில் பார்க்கலாம். 967இல் குடமுழுக்குக் கண்ட இச்சிவன் கோயிலை எடுப்பித்தவர் மன்னர் அல்லர். யக்ஞவராகர் என்னும் அறிஞர், ஐந்தாம் ஜெயவர்மனுக்கு ஆசானாக இருந்தவர். அதனால்தானோ என்னவோ, இதில் அளவால் மிரட்டும் எண்ணம் எங்கும் இல்லை. கருவறை வாயில்கள் குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குச் சிறியவை. சிவந்த மணற்கல்லில், மரத்தைச் செதுக்கியதுபோல் ஆழமாகவும் நுணுக்கமாகவும் வேலை செய்திருக்கிறார்கள்.

கிழக்கு வாயிலின் முகப்பில் பல கரங்களோடு சிவன் ஆடுகிறான். அவன் காலடியில் ஓர் ஓரத்தில், வற்றிய உடலும் தொங்கிய மார்பும் எலும்பு துருத்திய தோளுமாக ஒரு பெண் அமர்ந்து, தலை நிமிர்த்தி அந்த ஆட்டத்தைப் பார்க்கிறாள். பேயுருக் கேட்டுப் பெற்று, இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்க வரம் வேண்டிய அம்மையார் என்று அறிஞர்கள் அவளை அடையாளம் காண்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னர், செம்பியன் மாதேவியார் சோழநாட்டில் கற்றளிகள் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு கெமர்ச் சிற்பி இந்த அம்மையாரை அறிந்திருக்கிறார். செய்தி யார் வழியாகப் போயிற்று என்பதற்குச் சான்று கிடையாது. உருவம் மட்டும் கல்லில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து செல்பவர் என்ற முறையில், அதன் முன் நீங்கள் அவசரமில்லாமல் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோயில் கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் கல் நன்றாக ஒளிவிடும். உள்ளே நூலகம் என்று அழைக்கப்படும் கட்டடங்களின் முகப்புகளில் கயிலையை அசைக்கும் இராவணனும், காமனை எரிக்கும் சிவனும், கம்சனைக் கொல்லும் கண்ணனும் உண்டு. சியெம் ரீப்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். வழியில் ப்ரேயா தாக் என்னும் ஊரில் சாலையோரமாகப் பெரிய இரும்புச் சட்டிகளில் பதநீர் காய்ச்சிப் பனைவெல்லம் செய்கிறார்கள். பனை அந்நாட்டின் தேசிய மரம். நமக்கு மாநில மரம். ஓலையில் சுற்றிய வெல்லத்தை அங்கேயே வாங்கினால் பணம் காய்ச்சியவர் கைக்கே போகும்.

மரக்கறி உணவு கிடைக்குமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

சியெம் ரீப்பிலும் தலைநகர் புனோம் பென்னிலும் கிடைக்கும். இரு நகரங்களிலும் இந்திய உணவகங்களும் உண்டு. சிற்றூர்களில் கவனம் தேவை. வள்ளைக்கீரை வதக்கலில்கூட மீன்சாறு சேர்ப்பது அங்கே இயல்பு. ப்ரஹோக் என்னும் நொதிக்க வைத்த மீன்விழுது பல குழம்புகளின் அடிப்படை. மீன், மீன்சாறு, இறால் எதுவும் வேண்டாம் என்று கெமர் மொழியில் ஒரு தாளில் விடுதியிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, கடையில் அதைக் காட்டுவது சிறந்த வழி. மீன் உண்பவர்கள், தேங்காய்ப்பாலும் மசாலாவும் சேர்த்து வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த அமோக்கைச் சுவைக்காமல் திரும்பக் கூடாது.

அங்கோரைத் தவிர வேறு பழைய கோயில்கள் உண்டா? ப்ரேயா விஹார் மலைக்கோயிலுக்குச் செல்லலாமா?
— வாசகர், காஞ்சிபுரம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இப்போதைக்கு வேண்டாம். தாங்ரெக் மலைவிளிம்பில், ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் அந்தச் சிவன் கோயில் கம்போடியாவுக்கு உரியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆயினும் எல்லைப் பூசல் ஓயவில்லை. 2025 ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டதில் உயிர்ச்சேதம் ஏற்பட்டு, எல்லையோர மக்கள் பெருந்தொகையாக வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அரசின் பயண அறிவுறுத்தல் தெளிவாகத் தளரும்வரை காத்திருங்கள்.

பிற இடங்களில் நான் முதலில் சொல்வது சம்போர் ப்ரேய் குக். கம்போங் தோம் நகருக்கு அருகே, புனோம் பென்னுக்கும் சியெம் ரீப்புக்கும் இடைவழியில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் ஈசானவர்மனின் தலைநகராகிய ஈசானபுரம் இதுதான். அங்கோருக்கு முந்தைய செங்கற்கோயில்கள், அவற்றுள் எண்கோண வடிவிலானவை சில, காட்டு நிழலில் சிதறி நிற்கின்றன. காஞ்சிபுரத்துக்காரராகிய உங்களுக்குப் பல்லவர் காலம் மனத்தில் இருக்கும். அதே காலத்தில் இன்னொரு மக்கள் செங்கல்லில் என்ன செய்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளின் பள்ளங்கள் கோயில்களுக்கு இடையே இன்றும் உள்ளன.

அடுத்தது கோ கேர். 928 முதல் 944 வரை தலைநகராக இருந்து, 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். முப்பத்தாறு மீட்டர் உயரத்துக்கு ஏழடுக்குப் பிரமிடு ஒன்று காட்டுக்கு நடுவே எழுகிறது. இதற்கு அங்கோர் சீட்டு செல்லாது. இங்குள்ள ப்ராசாத் சென் கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதப் போருக்கு எதிரெதிரே நிற்க, மற்றவர்கள் அமர்ந்து பார்க்கும் காட்சி தனிச்சிலைகளாக அமைந்திருந்தது. உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் திருடர்கள் சிலைகளைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துச் சென்றனர். 2011இல் நியூயார்க்கில் துரியோதனன் சிலை ஏலத்துக்கு வந்தபோது, ப்ராசாத் சென்னில் எஞ்சியிருந்த பாதங்களோடு அது பொருந்துவதை அறிஞர்கள் காட்டினர். நெடிய வழக்குக்குப் பின் 2014இல் அது தாயகம் திரும்பியது. பீமனும் அதே ஆண்டு கலிபோர்னிய அருங்காட்சியகத்திலிருந்து வந்து சேர்ந்தான். சிலைத் திருட்டால் நம் கோயில்கள் இழந்தவற்றை அறிந்த நாம், புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் செல்ல வேண்டும்.

கோயில்களைச் சுற்றியுள்ள காட்டில், போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடிந்தபாடில்லை.

பதினான்கு வயது மகனைத் துவோல் ஸ்லெங் சிறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாமா?
— வாசகர், சென்னை

முன்னதாகப் பேசித் தயார்செய்துவிட்டு அழைத்துச் செல்லலாம். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நடந்த, போல் போட் தலைமையிலான கெமர் ரூஜ் என்னும் பொதுவுடைமைக் குழுவின் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. புனோம் பென்னில் உள்ள துவோல் ஸ்லெங் அதற்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளில் செங்கல் தடுப்புகள் எழுப்பிச் சிறையறைகளாக்கினார்கள். கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் சிறைக் காவலர்கள் படம் எடுத்தார்கள். அந்த முகங்கள் சுவர் முழுவதும் உள்ளன; அவர்களில் உங்கள் மகன் வயதுடையவர்களும் உண்டு. சித்திரவதை நடந்த அறைகளுக்கு அவனை அழைத்துச் செல்வதா என்பதை அங்கே அவன் முகம் பார்த்து முடிவுசெய்யுங்கள். நகருக்கு வெளியே உள்ள சொங் ஏக் கொலைக்களத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது பெரியவர்களுக்கே தாங்காது. இவ்விரண்டும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. உள்ளே சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டியோட்டி, விடுதிப் பணியாளர் என்று நீங்கள் சந்திக்கும் நடுவயதுக்காரர் பலர் அந்த நான்காண்டில் பெற்றோரையோ உடன்பிறந்தோரையோ இழந்தவர்கள்.

தோன்லே சாப் ஏரியில் மிதக்கும் ஊர்களைப் பார்ப்பது சரியா? அங்குள்ள குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம், இனிப்பு எடுத்துச் செல்ல விரும்புகிறோம்.
— வாசகி, மதுரை

ஏரியைப் பார்க்க வேண்டும்; அங்கோர் நகரத்துக்குச் சோறும் மீனும் தந்தது அதுதான். மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, தோன்லே சாப் ஆறு திசைமாறி ஏரியை நோக்கிப் பின்னோக்கி ஓடுகிறது. ஏரி ஐந்து மடங்குவரை விரிந்து காடுகளை மூழ்கடிக்கிறது. அந்த மூழ்கிய காட்டில்தான் மீன்கள் குஞ்சு பொரிக்கின்றன. நீர் திரும்பும் காலத்தை ஒட்டி நவம்பர் முழுநிலவில் தண்ணீர்த் திருவிழாவும் படகுப்போட்டியும் நடக்கின்றன. உயர்ந்த கால்களின்மேல் வீடுகள் நிற்கும் கம்போங் க்ளெயாங் ஊருக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை செல்லலாம். பறவைகளை விரும்புவோருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ப்ரெக் தோல் சரணாலயம். நம் கூந்தன்குளத்துக்கு வரும் கூழைக்கடா இனம் அங்கே பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகிறது.

குழந்தைகளுக்கு நேரடியாக எதுவும் கொடுக்காதீர்கள். உங்கள் அன்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் பயணிகளிடம் பொருள் கிடைக்கும் என்றால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் படகுத்துறையில் நிற்பார்கள். ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லும் வண்டிக்காரருக்கும் மறுப்புச் சொல்லுங்கள். அத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், பயணிகளின் பணம் வரும் என்பதற்காகவே பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட நேர்வுகள் உண்டு என்பதும் குழந்தை நல அமைப்புகள் பலமுறை எச்சரித்தவை. ஊர்க்காரர் நடத்தும் படகில் செல்லுங்கள். அவர்கள் கடையில் சாப்பிடுங்கள். பணம் பெற்றோர் கைக்குப் போய்ச் சேரும்.

கெமர் மக்கள் கம்போடியாவுக்கு வெளியேயும் வாழ்கிறார்களா? அங்கும் பார்க்க வேண்டியவை உண்டா?
— வாசகர், பினாங்கு

உண்டு. தாய்லாந்தின் சுரின், புரிராம், சிசாகெட் மாநிலங்களில் கெமர் பேசுவோர் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அணைந்த எரிமலை உச்சியில் நிற்கும் பனோம் ரூங் சிவன் கோயிலும், நாகோன் ராட்சசீமா மாநிலத்தின் பிமாய் கோயிலும் கெமர்க் கலையின் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. பனோம் ரூங்கில் ஆண்டுக்குச் சில நாட்கள் சூரிய ஒளி பதினைந்து வாயில்களையும் ஒரே நேர்கோட்டில் ஊடுருவும். அங்கிருந்து காணாமற்போன, அறிதுயில் கொள்ளும் திருமால் உருவம் செதுக்கிய நிலைவாயிற் கல், சிகாகோ அருங்காட்சியகத்திலிருந்து 1988இல் மீட்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. லாவோஸின் சம்பாசக்கில் வாட் பூ. பின்னணி மலையின் முகடு இயற்கையாகவே இலிங்க வடிவில் இருப்பதால் பழைய கெமர் அதை இலிங்கபர்வதம் என்றனர்.

வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில், ஸோக் ட்ராங், ட்ரா வின் பகுதிகளில் வாழும் கெமர் க்ரோம் மக்களைப் பயணிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவர்களுடைய பௌத்த விகாரைகள் வண்ணமயமானவை. ஸோக் ட்ராங் விகாரை ஒன்றின் மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வரும் முழுநிலவில் அங்கே நடக்கும் நீண்ட படகுப்போட்டி, புனோம் பென் திருவிழாவின் அதே காலத்தில் வருகிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், கூட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஸோக் ட்ராங்கே ஏற்றது. அதற்கு வியட்நாம் விசாவைத் தனியாகப் பெற வேண்டும்; கம்போடியாவுக்குத் திரும்பி வருவதாக இருந்தால், ஒருமுறை நுழைவுக்கான விசா போதாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.